மூன்று வீட்டுச் சோறு

எங்கள் ஓசூர்த் தெருநாய்க்கு ‘வா’, ‘ரா’, ‘பா’ மூன்றுமே புரியும். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவரை எந்த மொழியில் குரைத்து வரவேற்பது என்பதில் அதற்குக் குழப்பமே கிடையாது. வம்பெல்லாம் சாப்பாட்டில்தான். தமிழ் வீட்டில் வத்தக்குழம்புச் சோறு, தெலுங்கு வீட்டில் புளிஹோரா, கன்னட வீட்டில் பிசிபேளே பாத். தண்ணீர்த் தகராறு எத்தனை வந்தாலும் மூன்று அடுப்பும் புளியில் ஒத்துப்போகும். நாய்க்கு ஆகாததும் அந்தப் புளிதான்.

திராட்சை தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கும் அதே கோளாறு வர, அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் துப்புத் துலக்கினார்கள். மாவில் கலந்திருந்தது டார்டாரிக் அமில உப்பு. திராட்சையிலும் அந்த அமிலம் உண்டு என்று 2021-ல் எழுதினார்கள். புளியில் அது இன்னும் தாராளம். கிருஷ்ணகிரிக்காரர்களிடம் புளியைக் குறை சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியுமா?

அடுத்த எதிரி வெங்காயம். “வெங்காயத்தைப் பொறுக்கிட்டுத்தானே போட்டேன்” என்பார் பக்கத்து வீட்டம்மா. சாறு குழம்பிலேயே இருக்கிறதே! ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். ஈறு வெளுத்து, சிறுநீர் கறுப்பதற்குள் சில நாள் ஓடிவிடும். பூண்டும் அதே ஜாதி. சாக்லேட் தெரிந்த கதை. சைலிட்டால் போட்ட சர்க்கரையில்லாச் சூயிங்கம் இன்னும் மோசம், ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். மாம்பழ சீசனில் கொட்டையை விழுங்கினால் குடல் அடைக்கும். ராகிக் களி மட்டும் சாதுவானது; குழம்பு ஊற்றாதவரை.

தின்றுவிட்டால் தெருவே டாக்டராகிவிடும். ஒருவர் உப்புக் கரைசல், ஒருவர் விளக்கெண்ணெய், ஒருவர் பால். மூன்றும் வேண்டாம், உப்பு தனி விஷம். வாந்தி எடுக்க வைப்பதா என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நாய் வாலாட்டுகிறதே என்று விடியும்வரை காத்திருக்காமல் உடனே போன் போடுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று கேட்பார். அதெல்லாம் சொல்லிவிடலாம். “எடை எவ்வளவு?” என்பார் அடுத்து. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, நம் எடையைக் கழிக்க வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கும் தெருவின் முன்னால், அந்தக் கழிக்க வேண்டிய எண்ணை உரக்கச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.