எது முந்தியோ அது

பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் முன் கரகரவென்று முனகும். சொல்லிவிட்டுப் போகிற நாகரிகம் அதற்கு இருந்தது. எஸ்எஸ்டி அப்படியல்ல. நேற்று வரை ஸ்மார்ட் அறிக்கையில் ‘நலம்’ என்று பச்சையில் காட்டும்; இன்று பயாஸுக்கே அதை அடையாளம் தெரியாது.

உத்தரவாதம் கேட்டால், “எங்கள் மென்பொருளில் டிரைவைச் சோதித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்” என்பார்கள். இறப்புச் சான்றிதழில் பிணத்திடமே கையெழுத்து வாங்கி வரச் சொல்வது போலத்தான். பெட்டியில் ‘5 ஆண்டு’ கொட்டை எழுத்து. ‘அல்லது இத்தனை டெராபைட் எழுதும் வரை, எது முந்தியோ அது’ என்பது பொடி எழுத்து.

இதில் எச்பிஇ நிறுவனத்தின் நேர்மையை மெச்ச வேண்டும். தன் சர்வர் எஸ்எஸ்டிகளில் சில, ஃபர்ம்வேர் பிழையால் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று 2019 நவம்பரில் அறிவித்தது. மணி நேரத் துல்லியத்தோடு ஆயுள் சொல்ல எந்த ஜோதிடருக்கும் துணிச்சல் வந்ததில்லை! (ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே பரிகாரம்.)

மாற்று டிரைவ் வரும், காலியாக. உத்தரவாதம் டிரைவுக்குத்தான், உள்ளே இருந்த கல்யாணப் படங்களுக்கு இல்லை. செத்த டிரைவில் இருப்பதை அழிக்கவும் வழியில்லை. வங்கிக் கணக்கு விவரங்களோடு அப்படியே கூரியரில் ஏற்ற வேண்டியதுதான். ஆகவே, புது டிரைவ் வாங்கிய அன்றே என்கிரிப்ஷன் போட்டுவிடுங்கள். பேக்கப்பை வேறொரு டிரைவில் வையுங்கள்.