டீத்தூள் போட்ட மேடை

கேள்வி: திருநங்கையர் மட்டுமே ஆடிப்பாடும் பாப் இசைக்குழு நம் நாட்டில் உண்டா? எங்கள் ஊரில் டீயைத் தவிர வேறு பேச்சே காதில் விழுவதில்லை!
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: டீப் பேச்சிலேயேதான் விடையும் இருக்கிறது! 2016 ஜனவரியில் மும்பையில் '6 பேக் பேண்ட்' வந்தது. ஆறு பேரும் திருநங்கையர். உருவாக்கியது யஷ்ராஜ் ஃபிலிம்ஸின் ஒய்-ஃபிலிம்ஸ். கூடவே கைகொடுத்தது புரூக் பாண்ட் ரெட் லேபிள். ஃபரெல் வில்லியம்ஸின் 'ஹேப்பி' பாட்டை இந்தியில் தங்கள் பாணிக்கு மாற்றிப் பாடினார்கள். சிக்னலில் அவர்கள் கை தட்டினால் அவசரமாகக் கார் கண்ணாடியை ஏற்றுகிற நம் ஆட்கள், அதே கைதட்டலைச் செல்போனில் ரசித்துப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டில் சோனு நிகம் சேர்ந்துகொண்டார். அதே ஆண்டு கான் விளம்பர விழாவில் 'கிளாஸ் லயன்' பிரிவின் உச்ச விருதும் கிடைத்தது.

'எல்லாம் விளம்பரம்தானே?' என்பீர்கள். விளம்பரமேதான்! 2014-லேயே உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்தான் ஓனர் இன்னும் யோசிக்கிறார். இந்த லட்சணத்தில் டீத்தூள் கம்பெனி மேடை போட்டால் ஏறிப் பாடுவதில் என்ன தப்பு?

அதனால் பச்சைத் தேயிலைக்கு விலை கூடியதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு இன்னும் யாரும் மெட்டுப் போடவில்லை.