தண்ணி கட்டும் முறையும் வைஃபை வட்டமும்: வளையமாதேவிக் கள ஆய்வு

இவ்வாய்வின் களம் வளையமாதேவியில் ஒரு முன்கட்டும் ஒரு பின்கட்டும். நடுவே தகரம் வேய்ந்த மாட்டுக் கொட்டகை. வைஃபை அலை செங்கல் சுவரை ஒருவாறு துளைத்துவிடும். தகரத்தைக் கண்டால் திரும்பிவிடும். ஆகவே முன்கட்டு ரவுட்டரிலிருந்து கொட்டகை எரவாணத்தோடு கேபிள் இழுத்து, பின்கட்டில் ஒரு பழைய ரவுட்டரை மாட்டினோம். மாடு ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபித்தவை எண்கள். இரு பெட்டிகளும் 192.168.1.1 நான்தான் என்றன. தவறு அவற்றுடையதன்று. வீடு, அலுவலகம் போன்றவற்றுக்குள் மட்டும் புழங்கவென்று சில எண்வரிசைகளை இணையப் பொறியாளர்கள் 1990களில் ஒதுக்கினார்கள், 192.168 அவற்றில் ஒன்று. ஊருக்கு ஊர் மாரியம்மன் கோயில் தெரு இருப்பதுபோல வீட்டுக்கு வீடு இது இருக்கலாம். ஒரே ஊரில் இரண்டு இருந்தால்தான் தபால்காரருக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

தீர்வுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. பக்கத்து நெய்வேலி நகரியத்தில் முகவரியே வட்டம், கதவெண் என்றுதான் போகும். சப்நெட் என்பதும் அந்த வட்டமே. 255.255.255.0 என்ற முகமூடியைப் போட்டால் முதல் மூன்று எண் வட்டம், கடைசி எண் கதவு. கதவுகள் 256, முதலாவது வட்டத்தின் பெயருக்கும் கடைசியானது எல்லாரையும் ஒருசேர அழைக்கும் ஊர்க்கூவலுக்கும் போக, குடிவைக்க மிச்சம் 254. பின்கட்டுக்கு 192.168.2 என்று தனி வட்டம் பிரித்தோம்.

“ஒரே வூட்டுக்கு எதுக்குடா ரெண்டு வட்டம்?” என்றார் பெரியப்பா. இம்மறுப்புக்குப் பிறகு வருவோம்.

வட்டம் பிரித்ததும் பின்கட்டில் இணையம் வந்தது. ஆனால் முன்கட்டிலிருந்து பின்கட்டுப் பிரிண்டரைத் தொட முடியவில்லை. காரணம் நாட் எனும் ஏற்பாடு. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே ரேஷன் அட்டை மாதிரி. பின்கட்டுப் பெட்டி தன் அட்டையை நீட்டி எல்லாருக்கும் சேர்த்து வாங்கிவரும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது? நாட்டை அணைத்தோம். இணையமே போயிற்று.

இங்குதான் ஆய்வாளன் இரண்டு நாள் சோறு மறந்தான். பின்கட்டிலிருந்து கேள்வி ஒழுங்காகப் போகிறது. பதில் முன்கட்டு வரை வந்து, 192.168.2 எந்தத் திக்கு என்று தெரியாமல் மாண்டுவிடுகிறது. வாய்க்கால் தண்ணீர் போனால் போனதுதான். இணையத்தில் செய்தி சுமக்கும் பொட்டலத்துக்கோ திரும்பும் வழியும் வேண்டும். மற்றபடி இரண்டும் ஒன்றே. வயலுக்குத் தண்ணி கட்டுகிறவருக்கு ஆற்றின் முழு வரைபடம் தெரியாது. அடுத்த மடை எது என்று தெரியும், அது போதும். முன்கட்டு ரவுட்டரிலும் ஒரே வரிதான் எழுதினோம்: 192.168.2க்கு உரியதை 192.168.1.2இடம் (முன்கட்டு வட்டத்தில் பின்கட்டுப் பெட்டியின் எண்) விடு. பின்கட்டுப் பெட்டியின் ஃபயர்வால் காவலையும் சற்றே தளர்த்தினோம். வழி திறந்தது.

வழி திருப்புவது பற்றி இவ்வூருக்கு விளக்கவேண்டியதில்லை. 2023 ஜூலையில் நெய்வேலி என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலிலேயே பொக்லைன் இறங்கியது. எங்கள் திருப்பலில் ஒரு பயிரும் சாகவில்லை என்பதை முறையாகப் பதிவுசெய்கிறேன்.

இனிப் பெரியப்பாவின் மறுப்பு. அவர் சொன்னது சரி. கேபிளைப் பின்கட்டுப் பெட்டியின் வேன் (WAN) துளையிலிருந்து பிடுங்கி லேன் (LAN) துளையில் செருகி, பெட்டிக்கு வேறு எண் தந்து, அது பிறருக்கு எண் வழங்குவதை நிறுத்தியிருந்தால், ஒரே வட்டமாய் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்படிச் செய்தால் இக்கட்டுரைக்குப் பொருள் ஏது? பின்கட்டு மோட்டார் கேமரா முன்கட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போகாமலிருக்கத் தனி வட்டம் தேவை என்று அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தோன்றிய காரணம். ஆராய்ச்சியில் இது வழக்கம்தான்.

ஒரு குறை உண்டு. பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காது; வட்டத்துக்குள் கூவுவது அடுத்த வட்டத்துக்குக் கேட்பதில்லை. எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். கொடுத்தோம். முன்கட்டுத் திண்ணையில் தட்டியது பின்கட்டில் தாளாக வந்தது: பெரியப்பாவின் சிட்டா. கொட்டகையைச் சுற்றிவந்து எடுத்துக்கொண்டவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சர்வே எண்ணை மூன்று முறை படித்தார்.