வாங்காதவர்

மலையேறப் புறப்படும் வேளையில் இவர் எதிர்ப்பட்டுவிட்டால், திருத்தணி மலையின் 365 படிகளும் அன்றைக்கு இரட்டித்துவிடும் என்பதை எங்களூரார் அனைவரும் அறிவார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி திருப்படித் திருவிழாவில் பஜனைக் கோஷ்டியார் படிக்குப் படி நின்று, கர்ப்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு செல்வதுபோல, ஓய்வுபெற்ற இந்த ரெவின்யூ உத்தியோகஸ்தரும் படிக்குப் படி நின்று, தாம் வாங்காமல் விட்ட லஞ்சங்களை ஒவ்வொன்றாகப் பாராயணம் செய்துகொண்டேதான் ஏறுவார்.

"ஒரு பைசா கைநீட்டி வாங்கினதில்லை, ஸார்!" என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் ஆட்சேபமில்லை. வாங்காத வஸ்துவின் வர்ணனை அதற்கப்புறம் அல்லவா ஆரம்பமாகிறது! நகரியிலிருந்து ஒருவன் கொண்டுவந்து திண்ணையில் இறக்கிய பங்கனபள்ளி மாம்பழக் கூடையை, வைக்கோலை விலக்கி, ஒரே ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே திருப்பியனுப்பிய வைபவத்தை அவர் விவரிக்கையில் கேட்பவர் நாவிலும் ஜலம் ஊறும். சம்சாரத்துக்கென்று வந்து திரும்பிப்போன மயில்கழுத்துப் பட்டுப்புடைவையில் ஜரிகை எத்தனை விரற்கடை அகலம் என்பது இன்றும் அவருக்கு மனப்பாடம். (அந்த அம்மாளும் அதை மறக்கவில்லை என்பது, இக்கட்டம் வரும்போதெல்லாம் சமையலறையில் எழும் பாத்திர ஓசையால் விளங்கும்.) வாங்கினவர்கள் தின்றும் உடுத்தும் மறந்தே போய்விட்டார்கள், வாங்காத இவரோ அந்த மாம்பழத்தை முப்பது வருஷமாக ருசித்துக்கொண்டிருக்கிறார். கேட்பவர் புத்தூர்ப் பக்கத்தவராக அமைந்துவிட்டால், "ஒக்க பைசா தீஸுகோலேதண்டீ" என்று முதலிலிருந்து தெலுங்கில் மறுபடியும் கூடை இறங்கும்.

நேர்மை அவருக்குப் பிதிரார்ஜிதமும்கூட. 1960 ஏப்ரல் முதல் தேதி இவ்வூர் ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தபோது குமாஸ்தாவாயிருந்த தகப்பனார், இரண்டு சர்க்கார்களின் கீழும் லஞ்சத்தை மறுத்தவராம், ம.பொ.சி. எல்லைக்காகப் போராடியதே இந்த நேர்மையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரத்தானோ என்ற சந்தேகம் நமக்கு உண்டாகும். இதே ஊரில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணனின் தந்தையாரும் ஜமீனில் சிறியதொரு ரெவின்யூ உத்தியோகம் பார்த்தவர் என்று அறிந்த நாள் முதல், அந்த ராஷ்டிரபதியும் தாமும் ஒரே இலாகாவின் பிள்ளைகள் என்றே இவர் பேசிவருகிறார். 1921-இல் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட அப்பேராசிரியரைப் பூ அலங்கரித்த வண்டியில் ஏற்றி, ரயிலடி வரையில் மாணாக்கர்களே இழுத்துச் சென்றார்களே, இவர் மாற்றலாகிப் போனபோதும் ஜனங்கள் திரளாகத்தான் வந்தார்கள். ரயில் நிஜமாகவே புறப்பட்டுவிட்டதா என்று பார்த்துப் போக.

பரிகாசத்தை ஒதுக்கிவைத்துச் சொல்லுகிறேன்: அந்த ஜனங்கள்மேல் குற்றமில்லை. லஞ்சம் வாங்காத இவர், கையெழுத்தையும் எளிதில் போட்டவரல்லர். காரியத்தைச் சீக்கிரம் முடித்தால் 'வாங்கிவிட்டார்' என்று ஊர் சொல்லுமே என்ற பயத்தினால், ஒரு விதவையின் பட்டா மாறுதலை நான்கு வருஷம் தள்ளிப்போட்டதை அவரே பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவருடைய பெயரில் கறை படாதிருப்பதற்காக அந்த ஸ்திரீ ஏன் கச்சேரி வாசலில் வெயிலில் நின்றிருக்க வேண்டும்? இதற்கு அவரிடமும் பதில் இல்லை. மாம்பழக் கதைதான் இருக்கிறது.

இத்தனைக்கும், இவரோடு கூட உத்தியோகம் பார்த்து, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட ஒருவர், என் வீட்டுக்கு அடுத்தாற்போல் மூன்றடுக்கு மாளிகை கட்டிக்கொண்டு, ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் தலையில் பரிவட்டத்தோடு சந்நிதியில் நிற்கையில், இவர் புஷ்பக் காவடிகளின் நெரிசலில், தர்ம தரிசன வரிசையில், வியர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டிருப்பதை நான் பார்த்ததுண்டு. அந்த ஓரிடத்தில் மாத்திரம் இவர் வாயைத் திறப்பதில்லை. பரிவட்டக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

வெளியூர் செல்லும்போதெல்லாம் என் வீட்டுச் சாவியை, அடுத்த வீட்டு மாளிகையைத் தாண்டி, நான்கு தெரு நடந்துபோய் இவரிடந்தான் ஒப்படைக்கிறேன். திரும்பி வந்ததும், என் கொல்லை முருங்கையிலிருந்து ஒரு காயைக்கூட இவர் பறிக்காத சரித்திரத்தைக் கேட்டு முடிக்க அரைமணி நேரம் பிடிக்கிறது. காவல் கூலியாக வைத்துப் பார்த்தால் அதிகமில்லை.