முப்பது கடிகாரமும் உருகினால்...

இந்த முறை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓவியம் பற்றியவை. யாரோ ஓர் ஆசிரியர் வகுப்பறையில் டாலியை அவிழ்த்துவிட்டிருக்கிறார் என்று தெரிகிறது. முதல் கேள்வியே அவருடையதுதான்.

*

சர்ரியலிச ஓவியத்தை அறிமுகம் செய்யலாம் என்று சால்வடோர் டாலியின் உருகும் கடிகாரப் படத்தை வகுப்பில் காட்டினேன். மறுநாள் முப்பது பேரும் உருகும் கடிகாரம் வரைந்துகொண்டு வந்துவிட்டார்கள். என்ன செய்வது?
– ஓவிய ஆசிரியர், பாகூர்

உங்களுக்கு நேரம் சரியில்லை என்று விட்டுவிட முடியாது. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. எடுத்த எடுப்பிலேயே விடையைக் காட்டினீர்கள், பார்த்து எழுதிவிட்டார்கள்.

அதே படத்தை மறுபடி காட்டுங்கள். இந்தத் தடவை கடிகாரங்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் என்ன? அமைதியான கடல், தூரத்தில் வெயில் பட்ட பாறைகள். ஸ்பெயினில் டாலி பிறந்து வளர்ந்த கத்தலோனியப் பகுதியின் கடற்கரை அது. 1931இல் அந்தப் படத்தைத் தீட்டியபோது கனவுலகத்தைத் தேடி அவர் எங்கும் பயணம் போகவில்லை. தினமும் பார்த்த பாறையைப் பிசகில்லாமல் வரைந்துவிட்டு, அதன் முன்னால் கடிகாரங்களைத் தொங்கவிட்டார். பாறை உண்மையாக இருப்பதால்தான் கடிகாரம் நம்மைத் தொந்தரவு செய்கிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாறை பாகூர் ஏரிக்கரை. முதல் வாரம் ஏரிக்கரையை உள்ளது உள்ளபடி வரையட்டும்: மதகு, பனைமரம், கரையில் காயும் துணி. இரண்டாம் வாரம், அங்கே இருக்கவே முடியாத ஒரு பொருளை அதில் வைக்கட்டும். ஒன்றே ஒன்று. நான்கைந்து வைத்தால் சர்க்கஸ் ஆகிவிடும்.

இன்னொரு சங்கதி: உலகப் புகழ்பெற்ற அந்த அசல் படம் வெறும் 24க்கு 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இதைச் சொல்லிவைத்தால் ‘சார்ட் வாங்கக் காசில்லை சார்’ என்ற சாக்கும் ஒழியும்.

*

இரண்டு மதிப்பெண் கேள்விக்கு: சர்ரியலிசம் என்றால் என்ன?
– பிளஸ் டூ மாணவி, கிருமாம்பாக்கம்

கனவையும் நனவையும் ஒரே பாயில் படுக்கவைப்பது. இது ஒரு மதிப்பெண். 1924இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெதோன் என்ற 28 வயதுக் கவிஞர் வெளியிட்ட அறிக்கையோடு தொடங்கிய இயக்கம். இது இன்னொரு மதிப்பெண்.

தேர்வுக்கு வராத செய்தி: பிரெதோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரில் மனம் கலங்கிப்போன சிப்பாய்கள் இருந்த மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர்கள் தொடர்பில்லாமல் பேசிய பேச்சில் ஏதோ ஒரு தொடர்பு இருப்பதைக் கவனித்தார். பிராய்டின் கனவு ஆராய்ச்சியையும் படித்தார். அறிவைச் சற்றே தூங்கவைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பதே அவர் கண்ட வழி. ஆக, சர்ரியலிசம் ஒரு வேலைமுறை. விசித்திரமான தோற்றம் அதன் பின்விளைவு. நம் ஊரில் பின்விளைவை மட்டும் நகலெடுக்கிறோம்.

*

யானைத் தும்பிக்கை, சிங்க உடல் என்று யாளியை ஆயிரம் வருடத்துக்கு முன்பே செதுக்கியவர்கள் நாம். சர்ரியலிசத்தைக் கண்டுபிடித்தது நாம்தானே?
– தமிழ்ப் பற்றாளர், வில்லியனூர்

விமானம், அணுகுண்டு வரிசையில் இதையும் சேர்த்துவிடாதீர்கள், ஐயா. யாளி செதுக்கிய ஸ்தபதிக்கு அது எங்கே நிற்க வேண்டும், எத்தனை அளவு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எல்லாம் தெரியும். பார்க்கிறவருக்கும் அதன் பெயர் தெரியும். மரபு கொடுத்த உருவம் அது. பாரிஸ்காரர்கள் தேடியது மரபும் சாத்திரமும் கொடுக்காத உருவத்தை. வரைகிறவனுக்கே ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று திகைப்பு வர வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. கோயில் தூணில் யாளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஓர் உடலில் இன்னோர் உடலை ஒட்டுவது அதிர்ச்சியே தராது. அதனால் பாதி மனிதன் பாதி மீன் என்று வரைந்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம் மாணவர்கள் வேறு இடத்தில் தோண்ட வேண்டும். ரேஷன் கடை வரிசையில், பட்டா மாறுதல் படிவத்தில், கல்யாண மண்டபத்து நாற்காலிகளில்.

*

எங்கள் வில்லியனூரில் சர்ரியலாக வரைய என்ன இருக்கிறது? வெறும் வயலும் பைபாஸும்தான்.
– கல்லூரி மாணவர், வில்லியனூர்

திருக்காமீஸ்வரர் கோயில் தேர் இருக்கிறதே! பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்திருக்கிறார். அந்த வழக்கத்தில்தான் இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். ஐரோப்பியத் தொப்பி போட்ட துரை, வியர்வை வழியும் ஊர்க்காரர்களோடு ஒரே கயிற்றைப் பிடித்து சிவனை இழுக்கிறார். கொஞ்ச தூரத்தில் பிரான்சிலுள்ள லூர்து நகரின் மாதா, 1877இல் கட்டிய கோயிலில், எதிரே திருக்குளத்தோடு குடியிருக்கிறாள். பிரெதோன் இதையெல்லாம் பார்த்திருந்தால் அறிக்கையில் பாதியை எழுதாமலே விட்டிருப்பார்.

*

வரையத் தெரியாதவர்கள்தானே இப்படிப் புரியாமல் வரைகிறார்கள்?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருபுவனை

சர்ரியலிச ஓவியர் ரெனே மாக்ரித் வரைந்த புகைக்குழாயைப் பாருங்கள். கடை விளம்பரப் பலகையில் இருப்பதுபோல் அத்தனை துல்லியம். அவர் சுவர்க்காகித ஆலையில் வடிவமைப்பாளராகவும் விளம்பர ஓவியராகவும் பிழைத்தவர். குடை குடையாகத் தெரிந்தால்தானே அது வயலில் முளைத்திருப்பது விபரீதமாகத் தெரியும்? வரையத் தெரியாதவருக்குக் குடையே விபரீதமாகத்தான் வரும்.

*

செலவில்லாத வகுப்புப் பயிற்சி சொல்லுங்களேன்.
– பகுதிநேர ஓவிய ஆசிரியை, நெட்டப்பாக்கம்

மூன்று சொல்கிறேன். மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் மண் வேண்டும்.

1925இல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பிரான்சில் ஒரு கடலோர விடுதியில் தங்கியிருந்தார். தேய்ந்துபோன மரத்தரையின் கோடுகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. தாளைத் தரையில் போட்டுப் பென்சிலால் தேய்த்தார். காடும் பறவையும் பெயரில்லாத விலங்குகளும் மேலே வந்தன. உங்களிடம் மரத்தரை இருக்காது. கோரைப்பாய், முறம், கயிற்றுக் கட்டில், வேப்பமரப் பட்டை, அம்மன் கோயில் பழைய கதவு, இத்தனையும் இருக்கின்றன. ஒரே நிபந்தனை: ‘மயில் வரையப் போகிறேன்’ என்று முடிவு செய்துவிட்டுத் தேய்க்கக் கூடாது. முதலில் தேய்க்க வேண்டும். பிறகு சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பட்டதை மட்டும் கோடு போட்டு எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்தச் சும்மாதான் பாடம். நம் பள்ளிக்கூடங்களில் சும்மா உட்காருவது தண்டனைக்குரிய குற்றம் என்பதால், ஆரம்பத்தில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

இரண்டாவது, தாள் மடிப்பு. முதல் பிள்ளை தலையை வரைந்து, கழுத்துக் கோடு மட்டும் தெரிய மடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் உடல். மூன்றாமவர் கால். விரித்தால் யாருமே நினைக்காத ஓர் ஆசாமி நிற்பார். பிரெதோனின் நண்பர்கள் இதை 1925 வாக்கில் பாரிஸில் மாலைப்பொழுது விளையாட்டாக ஆடினார்கள். வகுப்பில் சிரிப்புச் சத்தம் கூடும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது மண். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி இந்த மண்காரர்தான். மண் நம்முடையது, யோசனை ஒரு சர்ரியலிஸ்டுடையது. மெரெட் ஓப்பன்ஹைம் என்ற பெண் கலைஞர் 1936இல் கடையில் வாங்கிய தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றுக்கும் விலங்கு ரோமத்தைப் போர்த்தினார். பார்த்தவுடன் நாக்கு கூசும். ‘தினமும் தொடும் பொருளைத் தொடவே முடியாததாக மாற்று’ என்று சொல்லி, களிமண்ணில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு செய்யச் சொல்லுங்கள். முள் வைக்கிறார்களா, பல் வைக்கிறார்களா, பார்க்கலாம்.

*

எனக்குக் கனவே வருவதில்லை. நான் என்ன வரைவது?
– கலை மாணவர், கரையாம்புத்தூர்

வருகிறது. விழித்தவுடன் கைப்பேசியை எடுப்பதால் அது கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் வையுங்கள்.

*

தமிழில் ஒரு சர்ரியலிச ஓவியரையாவது காட்ட முடியுமா?
– நூலக வாசகர், பாகூர்

கே. ராமானுஜம். 1941இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பேச்சு சரளமாக வராதவரை அங்கே அடையாளம் கண்டவர் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் பணிக்கர் முன்னின்று இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது ராமானுஜமும் அங்கே போனார்.

அவருடைய மைக்கோட்டுப் படங்களில் மாளிகைகள், கோபுரங்கள், பாம்புகள், பறக்கும் உருவங்கள் இண்டு இடுக்கு விடாமல் நிரம்பியிருக்கும். நடுவே தொப்பி வைத்த ஒரு சிறு ஆள் உலாவுவார். அது ராமானுஜமேதான். வெளியே கிடைக்காத ராஜ்யத்தைத் தாளில் கட்டிக்கொண்டார். பாரிஸ் அறிக்கைக்கு அவர் கையெழுத்துப் போட்டவரல்ல. ஆனால் அந்த அறிக்கை கேட்டதை இயல்பாகச் செய்தவர்.

1973இல், முப்பது வயதை ஒட்டி, தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். இதை மாணவர்களிடம் சொல்லும்போது ‘கலைஞன் என்றால் இப்படித்தான்’ என்று ஜிகினா தூவாதீர்கள். அவருடைய துயரம் அவர் படத்துக்கு உரம் அல்ல. துயரத்தையும் மீறி அவர் உட்கார்ந்து கோடு போட்டார்.

கல்கத்தாவின் பிகாஷ் பட்டாச்சார்ஜி வரைந்த பொம்மை வரிசையையும் காட்டுங்கள். பாழடைந்த வீடுகளில் ஒரு பொம்மை நம்மையே பார்க்கும். துல்லியமான கைவேலை எப்படிப் பயமுறுத்தும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

*

புதுச்சேரியை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சர்ரியலிஸ்டுகளும் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?
– தியாகி குடும்பத்தவர், பாகூர்

நல்ல கேள்வி. 1931இல் பாரிஸ் வான்சென் பூங்காவில் பிரான்ஸ் தன் காலனிகளையெல்லாம் கடைபரப்பி ஒரு மாபெரும் கண்காட்சி நடத்தியது. பிரெஞ்சிந்தியாவுக்கும், அதாவது நமக்கும், அங்கே ஒரு மண்டபம். லட்சக்கணக்கில் கூட்டம். அப்போது ‘காலனியக் கண்காட்சிக்குப் போகாதீர்கள்’ என்று துண்டறிக்கை அடித்து விநியோகித்தவர்கள் யார் தெரியுமா? பிரெதோன், கவிஞர்கள் எலுவார், அரகோன், ஓவியர் ஈவ் தாங்கி முதலான சர்ரியலிஸ்டுகள். நம்மைக் காட்சிப்பொருளாக வைத்ததற்கு பாரிஸிலேயே எழுந்த எதிர்ப்புக் குரல் அது. நமக்கு விடுதலை நாளான 1954 நவம்பர் 1 வருவதற்கு 23 ஆண்டுகள் முன்பு.

அதற்காகப் பூமாலை போட்டுவிட வேண்டாம். அதே பிரெதோனும் எலுவாரும் காலனி நாடுகளின் முகமூடிகளையும் மரச்சிலைகளையும் ஆசையாகச் சேர்த்தார்கள். அதே 1931இல் ஏலம் விட்டுக் காசும் பார்த்தார்கள்.

*

படத்துக்குத் தலைப்பு வைக்கத் தெரியவில்லை. ‘கனவு – 1’, ‘கனவு – 2’ என்று போடலாமா?
– கலை மாணவி, அரியாங்குப்பம்

வேண்டாம், மின்கட்டண ரசீது மாதிரி இருக்கிறது. மாக்ரித் நண்பர்களிடம் படத்தைக் காட்டி அவர்களிடமே பெயர் கேட்பார். கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள் மழைபோல வானத்தில் தொங்கும் படம் ஒன்று, 1953இல் வரைந்தது. கவிஞர் ஸ்குத்னேர் அதற்குச் சூட்டிய பெயர் ‘கோல்கொண்டா’. ஆமாம், நம் ஐதராபாத் கோல்கொண்டாவேதான். படத்தில் கோட்டையும் இல்லை, வைரமும் இல்லை. உங்கள் படத்தைப் பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் காட்டுங்கள். அவள் வாயில் முதலில் வரும் ஊர்ப் பெயரை வையுங்கள்.

*

கம்ப்யூட்டரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சர்ரியல் படம் தருகிறதே?
– பெயர் வேண்டாம், சேதராப்பட்டு

தரும். யாருடைய கனவு என்று கேட்டுப் பாருங்கள்.

*

மகன் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலை படிக்க வேண்டும் என்கிறான். சோறு போடுமா?
– விவசாயி, பாகூர்

பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்தில், உங்களுக்குப் பக்கம். விடுதிச் செலவு மிச்சம். சோறு கலையிலிருந்து மட்டும் வந்ததாகப் பெரிய ஆட்களும் சொல்லமாட்டார்கள். சோழமண்டலத்துக்காரர்கள் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் ஓவியம் தீட்டினார்கள். டாலி 1967இல் ஏர் இந்தியாவுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துக் கொடுத்து, கூலியாக ஒரு யானைக்குட்டி கேட்டார். பெங்களூரிலிருந்து அனுப்பியும் வைத்தார்கள். உங்கள் மகன் யானை கேட்காதவரை சேர்த்துவிடுங்கள்.

*

இந்தப் படங்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? எல்லாமே விசித்திரமாக இருக்கின்றன.
– மறுபடியும் பாகூர் ஓவிய ஆசிரியர்

விசித்திரத்துக்குப் பூஜ்யம் போடுங்கள். உற்றுப் பார்த்ததற்குப் போடுங்கள். மதகின் படிக்கட்டு சரியாக வந்திருக்கிறதா, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தையல் இயந்திரம் சரியாக வந்திருக்கிறதா, நிழல் ஒரே பக்கம் விழுகிறதா? இத்தனையும் இருந்தும் உங்களுக்கு ராத்திரி அந்தப் படம் நினைவுக்கு வந்தால், முழு மதிப்பெண். ‘இதன் அர்த்தம் என்ன?’ என்று மட்டும் பையனைக் கேட்காதீர்கள். உங்களுக்காக ஒன்றைத் தயாரித்துச் சொல்லிவிடுவான்.

அப்புறம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் உங்கள் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து மகாபலிபுரத்தோடு திரும்பிவிடுகிறது. இந்த வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்சம் ஓட்டச் சொல்லுங்கள். இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தின் ஓவியக் கூடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பலாம்.