மூன்றரை நொடி வைத்தியர்

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பகலெல்லாம் யாரோ எழுதிய கோடில் பக் தேடிவிட்டு, ராத்திரியில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கணினி ஆட்டத்தில் அங்கி மாட்டிக்கொண்டு உயிர் காக்கும் ஒரு வகை வைத்தியர் திருவனந்தபுரத்தில் உண்டு. கூட வந்தவர்கள் வாளை உருவி டிராகன்மேல் பாய்வார்கள். இவர் டிராகனைச் சரியாகப் பார்த்ததே கிடையாது. 40 பேருடைய உயிர்க்கோடுகளில் எது இறங்குகிறது என்பதிலேயே கண் இருக்கும். பக்கத்தில் எக்செல் திறந்திருக்கும். இந்த மந்திரம் எவ்வளவு குணமாக்கும் என்று கேட்டுப் பாருங்கள், “கியர் என்ன போட்டிருக்கே?” என்று திருப்பிக் கேட்பார். கூட்டாளிகள் இவரைக் கருமி என்கிறார்கள். கணக்கைப் பார்த்தால், அந்தக் கூட்டத்தின் ஒரே தாராளக்காரர் இவர்தான்.

2004-ல் வந்த மூல ஆட்டத்தில், நேரடியாகக் குணமாக்கும் மந்திரத்தை ஓத எத்தனை நொடி ஆகிறதோ அதை 3.5-ஆல் வகுக்க வேண்டும். கியர், அதாவது அணிந்திருக்கும் உடையும் ஆயுதமும், தரும் கூடுதல் பலத்தில் அந்தப் பங்குதான் மந்திரத்தில் சேரும். கியரில் 700 இருந்தால், 1.5 நொடி ‘ஃபிளாஷ் ஹீல்’ 300 பெறும். 3 நொடி ‘கிரேட்டர் ஹீல்’ 600 பெறும். எப்படிப் பார்த்தாலும் நொடிக்கு 200. அவசரப்பட்டாலும் நிதானித்தாலும் கியர் தரும் கூலி ஒன்றே. மானா என்னும் மந்திரச் சக்தியின் செலவுதான் வேறு. இந்த இடத்தில் நம் வைத்தியர் சாலைக் கடைத்தெரு ஆளாகிவிடுகிறார். ஒரே மந்திரத்துக்குப் பல படிகள் உண்டு; கீழ்ப்படியை ஓதினால் மானா குறைவு, ஓதும் நேரம் பெரும்பாலும் அதே, எனவே கியரின் பங்கும் அதே. சின்னப் பொட்டலம் வாங்கிப் பெரிய பொட்டலத்தின் கொசுறைக் கேட்கும் சாமர்த்தியம் இது. ஆட்டத்தை ஆக்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்: 20-ஆம் நிலைக்குக் கீழே கற்ற மந்திரங்களுக்கு, குறையும் ஒவ்வொரு நிலைக்கும் 3.75 சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். 2010-ல் படிகளையே தூக்கிவிட்டார்கள். 2019-ல் பழைய ஆட்டம் ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்பி வந்ததும், இவர் எக்செல்லைத் தூசி தட்டினார்.

இத்தனை சிக்கனமும் யாருக்காக? போளியின்மேல் பால் பாயசம் ஊற்றிச் சாப்பிடும் ஊருக்கு இதை விளக்குவது சுலபம். சத்யா விருந்தில் விளம்புகிறவரின் திறமை, யாருடைய இலை காலி என்று அறிவதில் இருக்கிறது. நிறைந்த இலையில் இன்னும் ஊற்றினால் பாயசம் மடியில்தான் வழியும். ஆட்டத்தில் அதற்கு ‘ஓவர்ஹீல்’ என்று பெயர். 300 குறைந்தவனுக்கு 2000 ஊற்றுகிறவர் வள்ளல்போலத் தெரிவார். கடைசிப் பந்தி உட்காரும்போது அவர் வாளி காலியாகியிருக்கும். கருமி என்று பேர் வாங்கிய நம்மவரிடம் அப்போதும் அகப்பையில் ஏதாவது வரும்.

உயிர் போகிற நேரத்தில் வகுத்தல் கணக்கா, இரக்கம் எண் பார்க்குமா என்று கேட்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எழுதுமுன் டாக்டர் எடை கேட்கிறார். அவரை யாரும் கல்நெஞ்சர் என்பதில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகளில் வரவும் செலவும் எழுதிவைத்த ஊர் இது. அதனால் பக்தி ஒரு மாற்றும் குறையவில்லை. பகலில் கணக்குப் போட்டு வைத்தவனுக்குத்தான் ராத்திரியில் கை நடுங்காது. இதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: சண்டை முடிந்ததும் யார் அதிகம் குணமாக்கினார்கள் என்று மீட்டர் வரிசைப்படுத்துகிறது; முதலிடத்துக்காக, வேறொருவர் காப்பாற்றவிருந்தவனை முந்திப்போய்க் காப்பாற்றும் சபலம் நம்மவருக்கும் வருகிறது. இதை மறுக்க முடியாது. விளம்புகிறவர்கள் ஒரே இலைக்கு முண்டியடித்தால் பந்தி கெடும். ஆனால் அதற்கான மருந்தும் அவர் எக்செல்லிலேயே இருக்கிறது. டிராகன் விழுந்ததும் மற்றவர்கள் கொள்ளைப் பொருளைக் கிளறுவார்கள். இவர் மீட்டரை விட்டுவிட்டு, எக்செல்லில் மீந்த மானாவைப் பார்ப்பார். யாராவது செத்திருந்து, மானா பாதி மீந்திருந்தால், அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. வாளியில் பாயசம் இருக்க, ஓர் இலை வெறுமையாக எழுந்துபோயிருக்கிறது.