வாய்தாவும் நோபாலும்

வக்கீல் ஒருவர் கிரிக்கெட் வரலாறு எழுதுகிறார் என்றால் கள்ளக்குறிச்சி கோர்ட் வாசல் டீக்கடையில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஐந்து நாள் இழுத்துவிட்டு முடிவே இல்லாமல் கலைகிற ஆட்டத்தை வேறு யாருக்கு ரசிக்கத் தெரியும்?

சிட்னி வக்கீல் மேக்ஸ் போனல் அந்த ரகம். அவர் புத்தகமாய் எழுதி வாதாடிய கட்சிக்காரர் ஜாக் மார்ஷ், ஆஸ்திரேலியப் பழங்குடி வேகப்பந்து வீச்சாளர். ஃபீஸ் பெயராது, ஆள் 1916-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மார்ஷ் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. மனுஷன் டாக்டரிடம் போய், முழங்கை மடங்காதபடி கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து வீசிக் காட்டினார். சாட்சியம் எடுபடவில்லை. 1901-ல் பாப் கிராக்கெட் என்ற நடுவர் ‘நோபால், நோபால்’ என்று ஓயாமல் கூவினார். கிராக்கெட்! பெயரிலேயே பாதி கிரிக்கெட். முதல்தர ஆட்டம் மொத்தமே 6 தான் மார்ஷுக்குக் கிடைத்தது. கடைசியில் ஆரஞ்சு என்ற ஊரில் அடிபட்டுச் செத்தார். அடித்தவர்கள் மீதான வழக்குக்கு மட்டும் வாய்தாவே கிடையாது. ஜூரி எழுந்து உள்ளே போகாமலே எதிரிகளை விட்டுவிட்டது.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைப் பழங்குடிகளுக்கு இந்தக் கதை புதிதில்லை. 1976 வரை மலை ஜாகீர்தார்கள் கையில். பட்டாவுக்கு இன்னும் நடை. கையில் கட்டை கட்டி வரச் சொன்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆபீஸில் கட்டைக்கு இரண்டு ஜெராக்ஸ் கேட்பார்கள், அவ்வளவுதான்.